ஏழாம் இயலும் கம்பளிப்புழுவும்

பேராசிரியர் புகழேந்தி கடவுள் விவகாரத்தை இதுவரை மூன்று முறை தீர்த்துவைத்திருக்கிறார். மூன்று முறையும் மூன்று விதமாக.

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் தத்துவத் துறை என்று ஒன்று இருந்தது. துறை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, இரண்டு மேசை, இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் புகழேந்தி, இன்னொருவர் அலெக்ஸ். மதங்கள் சொல்வதை நம்பலாமா, நம்புவதென்றால் என்ன காரணத்துக்காக நம்புவது, நம்பாமல் விடுவதென்றால் அதற்கு என்ன காரணம் என்று ஆராய்வது புகழேந்தியின் பாடம். இதற்கெல்லாம் அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறதா என்று விழுப்புரத்தில் அவருடைய மச்சான்மார்கள் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார்கள். கொடுத்தது. அதில்தான் அவர் வீடு கட்டினார்.

முப்பது வயதில் முதல் புத்தகம் எழுதினார். தலைப்பு, ‘இல்லை: ஒன்பது காரணங்கள்’. அவருடைய அப்பா கறுப்புச் சட்டைக்காரர். மகன் எழுதிய புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிக் கொடுத்தார். மனைவி கிருஷ்ணவேணி, வீட்டுக்காரர் இவ்வளவு பக்கம் எழுதியபிறகு நாம் மல்லுக்கு நிற்கக் கூடாது என்று முருகன் படத்தையும் அங்காளம்மன் படத்தையும் பழைய புடவையில் சுற்றிப் பரணில் ஏற்றினார். நாற்பது வயதில் இரண்டாவது புத்தகம், ‘உண்டு: பத்துக் காரணங்கள்’. படங்கள் பரணிலிருந்து இறங்கின. அப்பா மகன் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார். ஐம்பது வயதில் மூன்றாவது, ‘கேள்வியே தப்பு’. படங்கள் இனி பரணிலா கூடத்திலா என்று கிருஷ்ணவேணி கேட்டதற்கு, அப்படிக் கேட்பதே பொருந்தாது என்று அவர் ஒரு மணி நேரம் விளக்கினார். கிருஷ்ணவேணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, படங்களுக்கு முன்னால் ஒரு திரைச்சீலை தைத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை விலக்குவார், மற்ற நாட்களில் மூடிவிடுவார். தத்துவ உலகத்தில் இதைவிடச் சுருக்கமாக யாரும் அந்தப் புத்தகத்தைப் புரிந்துகொண்டதில்லை.

ஒரு மனுஷன் இப்படிப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை குட்டிக்கரணம் அடிப்பானா என்று ஊரில் கேலி பேசினார்கள். ஆனால் குட்டிக்கரணம் அடிக்க வைத்தது அலெக்ஸ்.

இருவரும் அப்போது விழுப்புரத்தில் குடியிருந்தார்கள். காலையில் பாசஞ்சர் ரயிலில் ஒரே பெட்டியில் ஏறி, எதிரெதிரே உட்காருவார்கள். முண்டியம்பாக்கத்தில் தொடங்கும் விவாதம் மயிலம் தாண்டியும் ஓயாது. வண்டியில் வரும் கொய்யாப்பழக்கார அம்மாவுக்கு இவர்கள் ஏதோ நிலத் தகராறில் இருக்கும் பங்காளிகள் என்று எண்ணம். அலெக்ஸ் ஒரு வரி எழுதியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார், பூசை காண்பார், அதைப் பற்றி மூச்சு விடமாட்டார். ஆனால் புகழேந்தி எழுதியதை அட்டையிலிருந்து அட்டை வரை படித்து, எங்கே ஓட்டை என்று கையை வைத்துக் காட்டுவார். முதல் புத்தகத்துக்கு, “உன் ஆறாவது காரணம் மூணாவது காரணத்தைத் தின்னுடுச்சுய்யா” என்றார். பத்து வருஷம் யோசித்துப் பார்த்ததில் அது உண்மைதான் என்று புகழேந்திக்குத் தெரிந்தது. இரண்டாவதுக்கு, இந்தப் பத்தாவது காரணத்தை வைத்துப் பார்த்தால் கொள்ளிவாய்ப் பிசாசும் உண்டு என்று ஆகிவிடுமே என்றார். மூன்றாவதுக்கு, கேள்வியே தப்பு என்றால் முந்நூறு பக்கம் எதற்கு என்று கேட்டார்.

உலகத்தில் அந்த மூன்று புத்தகங்களையும் முழுதாகப் படித்தவர் அலெக்ஸ் ஒருவர்தான். புகழேந்தியின் அப்பா உட்பட மற்றவர்கள் எல்லாரும் அட்டையோடு சரி. அதனால் மறுத்து மறுத்துப் பேசினாலும் அலெக்ஸ் என்றால் புகழேந்திக்கு உயிர். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வாக்கியத்துக்கு, “இது சரி” என்று அந்த மனுஷன் சொல்லிவிட மாட்டானா என்று அவர் ஏங்கினார். சொல்லவில்லை. அதுவும் ஒரு சுகமாகத்தான் இருந்தது.

அப்புறம் அந்தத் துக்கம் நடந்தது. அலெக்ஸின் மனைவி ஆரோக்கியசெல்வி காய்ச்சல் என்று படுத்தார், ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்தார். புகழேந்தியும் செல்வியின் கையால் சாப்பிட்ட வீடு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்பு வைத்தால் ஒரு தூக்கில் போட்டு இவருக்கும் வந்துவிடும். செய்தி கேட்டதும் சாவு வீட்டுக்குப் போனார். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அலெக்ஸ் உட்கார்ந்திருந்தார். புகழேந்தி அவர் அருகில் உட்கார்ந்தார். அழ வேண்டும் என்று தோன்றியது. அழுதால் நிறுத்த முடியாது என்ற பயமும் வந்தது. பயந்த மனுஷன் தனக்குத் தெரிந்ததைத்தானே செய்வான். புகழேந்தி பாடம் நடத்த ஆரம்பித்தார்.

நல்ல கடவுள் இருந்தும் உலகத்தில் துன்பம் ஏன் இருக்கிறது என்பதற்கு மூன்று வகை விளக்கங்கள் உண்டு என்று தொடங்கினார். மாலையோடு வரிசையில் நின்றவர்கள் நின்றுகொண்டே கேட்டார்கள். முதல் விளக்கத்தை முடித்து, அதில் உள்ள இரண்டு குறைகளையும் சொன்னார். இரண்டாவது விளக்கத்துக்குப் போகும்போது, வகுப்பில் மேசையைத் தட்டும் பழக்கத்தில், ஐஸ் பெட்டியின் கண்ணாடியை விரலால் தட்டினார்.

அலெக்ஸ் தலை நிமிர்ந்து பார்த்தார். “எழுந்து போ” என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அலெக்ஸ் அவரோடு பேசவில்லை. திண்டிவனத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். அதே அறையில், பக்கத்து மேசையில், மூன்று வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். புகழேந்திக்கு ரயில் கசந்துபோய்விட்டது. எதிர் சீட்டில் யாராவது உட்கார்ந்து செல்போனில் வீடியோ பார்ப்பார்கள். அவர் சொல்வதை மறுக்க ஒரு நாதி இல்லை.

இந்த நிலைமையில்தான் அவர் நான்காவது புத்தகம் எழுதினார். ‘துன்பம்’ என்று தலைப்பு. பதிமூன்று இயல்கள். அதில் பன்னிரண்டு இயல்கள் சும்மா, ஊரை ஏமாற்ற. ஏழாம் இயல் ஒன்றுக்காகத்தான் புத்தகமே எழுதப்பட்டது. அது முழுக்க அலெக்ஸிடம் கேட்கும் மன்னிப்பு. நேரில் போய்க் கேட்டால் பத்து வார்த்தையில் முடியும் காரியம். ஆனால் அவர் பேராசிரியர், அவருக்கு மன்னிப்புக் கேட்கவும் அடிக்குறிப்பு வேண்டும். முன்னுரையில் இப்படி எழுதினார்: ‘துன்பம் வந்த வீட்டில் போய் விளக்கம் சொல்பவன் மடையன். ஆகவே ஏழாம் இயலில் நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. செய்ய வேண்டியதை மட்டும் சொல்லியிருக்கிறேன். அதை ஒரே ஒருவர் படித்தால் போதும்.’

விழுப்புரத்தில் சின்னக்கண்ணு என்பவர் வைத்திருந்த அச்சகத்தில் புத்தகம் அச்சானது. கட்டி முடித்த முதல் பிரதியை புகழேந்தி பிரித்தே பார்க்கவில்லை. முதல் புத்தகம் வந்தபோது பிரித்த பக்கத்திலேயே எழுத்துப்பிழையைக் கண்டு அவருக்குக் காய்ச்சல் வந்தது. அன்றிலிருந்து தன் புத்தகத்தைத் தான் திறப்பதில்லை என்று ஒரு விரதம். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘ஏழாம் இயலை மட்டுமாவது படி’ என்று ஒரு துண்டுத்தாள் வைத்து, திண்டிவனத்துக்குக் கூரியரில் அனுப்பினார். அலெக்ஸிடமிருந்து பதில் இல்லை. ஒரு வாரம் புகழேந்தி செல்போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே திரிந்தார். கிருஷ்ணவேணிக்கு விஷயம் தெரியும். அவர் திரைச்சீலையை ஒரு புதன்கிழமை விலக்கி அங்காளம்மனுக்கு ஒரு சூடம் காட்டினார். மூன்றாவது புத்தகத்தின்படி இது முறைகேடு, ஆனால் புகழேந்தி கண்டுகொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு கல்யாண மண்டபத்தின் சின்ன ஹாலில் வெளியீட்டு விழா. பெரிய ஹாலில் யாருக்கோ காதுகுத்து. அந்த வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் கொஞ்சம் பேர் தவறி இங்கே வந்து உட்கார்ந்ததால் கூட்டம் நன்றாகவே இருந்தது.

எங்கள் ஊர்ப் பேச்சாளர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியிடப்போகும் புத்தகத்தை வீட்டிலேயே படித்துவிட்டு வருவது மரியாதை இல்லை என்பதுபோல், மேடையில் கொடுத்தபிறகுதான் திறப்பார்கள். வரவேற்புரை நடக்கும்போது முன்னுரை. அடுத்தவருக்குப் பொன்னாடை போர்த்தும்போது பின்னட்டை. மிச்சம் கிடைக்கிற நேரத்தில், புத்தகம் நடுவில் எங்கே தானாகப் பிரிகிறதோ அங்கே ஒரு பக்கம். இந்த மூன்றை வைத்து அரை மணி நேரம் பேசுவார்கள். புகழேந்தியே மற்றவர்கள் புத்தகத்துக்கு அப்படித்தான் பேசியிருக்கிறார். இந்தப் புத்தகம் ஏனோ எல்லார் கையிலும் ஒரே இடத்தில் பிரிந்தது. ஏழாம் இயலில்.

இலக்கிய மன்றத் தலைவர் சீனுவாசன் முதலில் பேசினார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கம்பீரமான குரல். முன்னுரையைப் படித்துக் காட்டினார். ஏழாம் இயலில் ஆசிரியர் விளக்கம் சொல்லவில்லை, செய்ய வேண்டியதைச் சொல்கிறார் என்றார். புகழேந்திக்கு நெஞ்சு விம்மியது. அடுத்து சீனுவாசன், “இந்தச் சிவப்புக் கம்பளிப்புழு யார்? யோசிச்சுப் பாருங்க. நம்ம அகங்காரம்தான் கம்பளிப்புழு” என்றார்.

புகழேந்திக்கு விளங்கவில்லை. அவர் எழுதியதில் புழு எதுவும் கிடையாது. சீனுவாசன் எப்போதும் இப்படித்தான், சொந்தச் சரக்கு என்று விட்டுவிட்டார்.

அடுத்து வந்தவர் பிரபாவதி. மகளிர் கல்லூரியில் தமிழ் நடத்துகிற அம்மாள். மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்ணுக்குள்ளே காய்க்கிறது, அது ஆன்மா, மேலே இலையைத்தான் புழு தின்கிறது, அது உடம்பு, ஆசிரியர் இதை ஒரு இடத்தில்கூட வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டதுதான் நுட்பம் என்று கண் கலங்கப் பேசினார். மூன்றாவதாக கோலியனூர்ப் பக்கத்து முன்னாள் கவுன்சிலர் கிருஷ்ணசாமி. அவர் தத்துவப் புத்தகம் என்றாலே தனக்குப் பேஜாராக இருக்கும், இதில்தான் முதல் தடவையாக பூச்சி பிடிக்க ஏக்கருக்கு எத்தனை விளக்குப்பொறி வைக்க வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது, ஐம்பது பிரதி தனக்கு வேண்டும் என்றார். காதுகுத்துக்கு வந்தவர்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

புகழேந்தி விரதத்தை முறித்தார். மேடையிலேயே புத்தகத்தைத் திறந்தார். ஆறாம் இயல் அவருடையதுதான். எட்டாம் இயலும் அவருடையதுதான். நடுவில் பதினாறு பக்கம் மல்லாட்டையில் கம்பளிப்புழுவைக் கட்டுப்படுத்துவது எப்படி. படங்களுடன்.

கடைசி வரிசையில் சின்னக்கண்ணு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். புகழேந்தி மேடையின் பின்பக்கம் இறங்கிப்போய் அவரைத் தனியாக இழுத்துக் கேட்டார். விஷயம் வெளியே வந்தது. அந்த வாரம் கோலியனூரில் விதைக்கடை வைத்திருக்கும் ராயப்பன் என்பவர் விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுக்க மல்லாட்டைச் சாகுபடி பற்றி ஒரு புத்தகம் அச்சடித்திருக்கிறார். அதே அளவு, அதே எழுத்து. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். ஃபாரங்களை மடித்து வரிசையாக அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். பைண்டிங் பெண்கள் அன்றைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் சின்னக்கண்ணு தன் மாமியாரையும் மைத்துனரையும் உட்காரவைத்து அடுக்கியிருக்கிறார். இரண்டு புத்தகத்தின் ஏழாவது அடுக்கும் இடம் மாறிவிட்டது. புகழேந்தியின் ஏழாம் இயல் முழுதும் அந்த ஒரு அடுக்கில்தான் இருந்தது.

“அப்ப என்னுது எங்கய்யா?” என்றார் புகழேந்தி.

“எங்கியும் போவல சார். அது ராயப்பன் புக்குல கீது. எண்ணூறு காப்பி. கோலியனூர்ல எல்லாருக்கும் குடுத்துக்கினு இருக்கறாங்க. நல்லா இருக்குதுன்னுதான் பேச்சு சார்.”

இதற்கு மேல் கேட்க புகழேந்திக்குப் பொறுமை இல்லை. அவருடைய நினைப்பெல்லாம் திண்டிவனத்துக்கு ஓடிவிட்டது. அலெக்ஸ் அந்தப் புத்தகத்தைத் திறந்திருப்பார். முன்னுரை. துண்டுத்தாள். ஏழாம் இயலை மட்டுமாவது படி. பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன் மூன்று வருஷத்துக்குப் பிறகு மனசை இளக்கிக்கொண்டு அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார். அங்கே கம்பளிப்புழு. அன்றைக்கு ஐஸ் பெட்டியைத் தட்டினான், இன்றைக்குப் புழு படம் போட்டு அனுப்பியிருக்கிறான் என்றுதானே நினைத்திருப்பார். பதில் வராததற்குக் காரணம் இப்போது தெரிந்துவிட்டது.

அடுத்து ஏற்புரை, ஆசிரியர் பேசுவார் என்று மைக்கில் அறிவிப்பு வந்தபோது ஆசிரியர் மண்டபத்தின் சமையல்கட்டு வழியாக வெளியேறிக்கொண்டிருந்தார். கிருஷ்ணவேணி பந்தி நடக்கிற இடத்தில் அவரைப் பிடித்துவிட்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, “அலெக்ஸைப் பார்க்க” என்றார். கிருஷ்ணவேணி அவர் கழுத்தில் சுற்றியிருந்த மாலையை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டு வழிவிட்டார். மேடையில் எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டியது இனி கிருஷ்ணவேணியின் பொறுப்பு. பிறகு கேள்விப்பட்டது, ஆசிரியர் தன்னடக்கத்தின் காரணமாக ஏற்புரை வழங்க மறுத்துவிட்டார் என்று சீனுவாசன் அறிவித்து, அதற்கும் ஒரு கைதட்டல் வாங்கினாராம்.

மாலை போனாலும் பொன்னாடைகள் போகவில்லை. ஐந்து பொன்னாடைகள் போர்த்தியபடியே புகழேந்தி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த சென்னை வண்டியில் தொற்றிக்கொண்டார். கண்டக்டர் அவரைப் பார்த்ததும் ஏதோ கட்சிக்காரர் என்று முடிவு செய்து, இரண்டு பேர் உட்கார்ந்திருந்த சீட்டில் ஒருவரை எழுப்பிவிட்டு, தலைவரே உட்காருங்க என்றார். தான் தலைவர் இல்லை, தத்துவப் பேராசிரியர் என்று புகழேந்தி சொன்னார். கண்டக்டர் அதை ஒரு பதவி என்று எடுத்துக்கொண்டு, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் குறை சொன்னார்.

டோல்கேட் தாண்டியதும் சின்னக்கண்ணு போன் செய்தார். சாருக்கு ஒரு நல்ல சேதி என்றார். புத்தகத்தில் புழு மருந்து பற்றிய பக்கம் இல்லை, வேறு என்னமோ இருக்கிறது என்று சண்டைக்கு வந்த ஒரு விவசாயி, ராயப்பன் கடை வாசலில் நின்று அதைப் படித்துவிட்டு, நேராகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வீட்டுக்குப் போய்விட்டாராம். மருந்து வாங்கவில்லையே என்று ராயப்பனுக்கு வருத்தமாம். புகழேந்தி போனை அணைத்தார். எண்ணூறு பேர் படிக்கிறார்கள் என்பது வேறு சமயமாக இருந்தால் அவரைத் தூக்கி நிறுத்தியிருக்கும். இப்போது அந்த எண்ணூறு பேரும் அவருக்கு வேண்டாம். ஒரே ஆள் போதும். அந்த ஆளின் கையில் புழு இருந்தது.

வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். முதலில் அச்சுத் தொழிலைப் பற்றி ஒரு முன்னுரை, பிறகு நடந்தது, பிறகு ஏழாம் இயலின் சுருக்கம், மூன்று பகுதிகளாக. திண்டிவனத்தில் இறங்கும்போது அந்த மூன்று பகுதிகளும் ஐந்தாகியிருந்தன.

அலெக்ஸின் வீட்டு கேட் திறந்துதான் இருந்தது. அலெக்ஸ் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றேதான் மல்லாட்டை உரிக்கிறாரா, இல்லை சும்மாவா என்று தெரியாமல் புகழேந்தி வாசலிலேயே நின்றார். பக்கத்து நாற்காலியில் ‘துன்பம்’ கிடந்தது. நடுவில் பிரிந்தபடி.

அலெக்ஸ் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பொன்னாடைகளை எண்ணியிருக்க வேண்டும். “உள்ள வா” என்றார்.

புகழேந்தி வந்து உட்கார்ந்தார். வாயைத் திறக்கும் முன்னால் அலெக்ஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஏழாம் இயல் நேத்துதான் படிச்சேன். முதல்ல எவனோ பைண்டிங்ல கோட்டை விட்டுட்டான்னுதான் நெனச்சேன். அப்புறம் முன்னுரையைத் திருப்பிப் பார்த்தேன். விளக்கம் சொல்லல, செய்ய வேண்டியதைச் சொல்றேன்னு எழுதியிருக்க. சரி, இவன் ஏதோ சொல்ல வர்றான்னு ஒக்காந்து படிச்சேன்யா. புழு ஏன் வந்துச்சுன்னு ஒரு வரி இல்ல. வந்தா என்ன செய்யணும்னு மட்டும்தான் இருக்குது. முட்டையைக் கையால பொறுக்கு. வயலைச் சுத்தி வாய்க்கால் வெட்டு. கடைசிப் பக்கத்துல ஒண்ணு எழுதியிருந்த பாரு. இந்தப் புழு ஒரு வயலோட நிக்காது, தனியாளா ஒருத்தர் போராடிப் பிரயோஜனம் இல்ல, பக்கத்து வயல்காரர் சேர்ந்து நிக்கணும்னு. அதோட புத்தகத்தைக் கீழ வெச்சிட்டேன். அதுக்கு மேல படிக்க முடியல.”

அலெக்ஸ் தோளில் கிடந்த துண்டால் கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டார். “இத்தனை வருஷத்துல நீ எழுதினதுலயே உருப்படியானது அந்தப் பதினாறு பக்கம்தான்” என்றார்.

இப்போது புகழேந்தியின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முண்டியம்பாக்கத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் எத்தனை ஆயிரம் தடவை இந்த ஒரு வார்த்தைக்காக அவர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அது கிடைத்தது, கம்பளிப்புழுவுக்கு. தலையை ஆட்டிவிட்டு, ஒரு காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். சிநேகிதம் திரும்பிவிட்டது, பாராட்டும் வந்துவிட்டது. ராயப்பன் கடைப் புத்தகம் திண்டிவனம் வரைக்கும் வரவா போகிறது. புகழேந்திக்கு அந்த ஆசை உண்மையாகவே வந்தது. நாக்கின் நுனிக்கு ‘தாங்க்ஸ்’ என்ற வார்த்தைகூட வந்துவிட்டது.

ஆனால் செல்வியின் பெயரால் வந்த கண்ணீர் அது. அதைக் களவாடிக்கொண்டு போக அவருக்கு மனசு வரவில்லை.

“அலெக்ஸு, அதை நான் எழுதல” என்றார். “பைண்டிங்ல கோட்டை விட்டதுதான்.”

புகழேந்தி சின்னக்கண்ணுவின் மாமியாரைப் பற்றிச் சொன்னார். ராயப்பனைப் பற்றிச் சொன்னார். அகங்காரம்தான் கம்பளிப்புழு என்று சீனுவாசன் பேசியதைச் சொன்னார், ஆன்மாவே மல்லாட்டை என்று பிரபாவதி அழுததைச் சொன்னார். கவுன்சிலர் கேட்ட ஐம்பது பிரதியைச் சொல்லும்போது அலெக்ஸின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. அப்புறம் தோள் குலுங்கியது. மடியில் இருந்த மல்லாட்டைத் தட்டு கீழே விழுந்து உருண்டது. மூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள். புகழேந்திக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் தனக்குச் சிரிக்க உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் அடக்கிக்கொண்டார்.

சிரித்து ஓய்ந்ததும் அலெக்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “அப்ப நீ என்னதான் எழுதின?”

புகழேந்தி அவசரமாகச் செல்போனை எடுத்தார். முழு இயலும் வாட்ஸ்அப்பில் இருக்கிறது, இப்போதே அனுப்புகிறேன் என்றார். இந்த வயசில் போனில் படிக்கக் கண் தாங்காது, வாயால் சொல் என்றார் அலெக்ஸ். புகழேந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏழாம் இயல் ஐந்து பகுதிகளாக அமைந்திருக்கிறது, முதல் பகுதியில் என்று தொடங்கினார்.

“ஒரே வாக்கியத்துல சொல்லு” என்றார் அலெக்ஸ். “பசங்களுக்கெல்லாம் அப்படித்தானே சொல்லிக் குடுப்ப.”

புகழேந்திக்கு ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பதினாறு பக்கத்தில் எது வாக்கியம், எது அடிக்குறிப்பு என்று தேடினார். மேற்கோள்கள் போயின, மறுப்புகள் போயின, மறுப்புக்கு மறுப்பும் போனது. கடைசியில் கையில் நின்றது இவ்வளவுதான்.

“அன்னிக்கு நான் பேசியிருக்கக் கூடாது, அலெக்ஸு.”

அலெக்ஸ் யோசித்தார். ஓட்டை எங்கே என்று தேடுகிற அந்தப் பழைய முகம் அவருக்கு வந்தது. புகழேந்தி பரீட்சை எழுதிய பையனைப்போல் காத்திருந்தார்.

“ஆமா” என்றார் அலெக்ஸ். “கூடாது.”

புகழேந்தி சொன்ன ஒன்றை அலெக்ஸ் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஐந்து பொன்னாடைகளோடு நாற்காலியில் உட்கார்ந்தபடி புகழேந்தி செல்விக்காக அழ ஆரம்பித்தார். அலெக்ஸ் தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நெடுநேரம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.